முதலில் அந்தக் குழந்தை யாரென்று தெரியட்டும்

சிறுவர் படக்கதைப் புத்தகங்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். உங்களோடு பேசக் கிடைக்கும் நேரமெல்லாம் பக்கக் கணக்கிலும் அச்சுக்குப் போகும் தேதியிலும் கரைந்துவிடுகிறது. அதனால் சொல்ல வேண்டியதை இங்கே எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே: கதாபாத்திரத்தை உருவாக்கும் வேலையை, பக்கங்களை வரையும் வேலைக்குள் புதைத்துவிடாதீர்கள். அது தனி வேலை. அதற்குத் தனிக் காலம் வேண்டும், தனி ஊதியம் வேண்டும், ஒப்பந்தத்தில் தனி இடம் வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? கைப்பிரதி வருகிறது. கூடவே, ‘விற்பனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அட்டைப்படத்தை மட்டும் முதலில் அனுப்பிவிடுங்கள்’ என்று ஒரு குறிப்பும் வருகிறது. அதற்குள் ஓவியர் கதையை ஓரிரு முறை படித்திருப்பார், அவ்வளவுதான். கதையில் வரும் சிறுமி பொய் சொல்லும்போது கையை எங்கே வைத்துக்கொள்வாள், கோபம் வந்தால் கத்துவாளா, வாயை இறுக மூடிக்கொள்வாளா என்பதெல்லாம் அவருக்கே இன்னும் பிடிபட்டிருக்காது. ஆனாலும் அட்டைக்காக ஒரு முகத்தை வரைந்து அனுப்புகிறார். அந்த முகம் பட்டியலில் ஏறுகிறது, விளம்பரத்தில் ஏறுகிறது. பிறகு கதைக்குள் இறங்கி வேலை செய்யும்போதுதான், அந்த முகத்துக்கும் இந்தச் சிறுமிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது தெரிகிறது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால், காலம் கடந்துவிட்டது என்று பதில் வருகிறது. அவசரத்தில் விழுந்த முகத்தோடு புத்தகம் முழுவதையும் ஓட்ட வேண்டியிருக்கிறது.

கதாபாத்திரம் என்றாலே முகம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். வரைகிறவர்களுக்கு முகம் கடைசியில் வருவது. நிற்கும் விதம், தோள், நடை, உடம்பின் பருமன், கைகளை வைத்துக்கொள்ளும் இடம் இவை முதலில். நாங்கள் ஒரு சோதனை செய்வதுண்டு. உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிவிடுவோம். கண்ணும் மூக்கும் உடையின் நிறமும் இல்லாத அந்த நிழலுருவங்களைப் பார்த்தே இது அக்கா, இது தம்பி, இது பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால், மூவரும் ஒரே அச்சில் வார்த்த உருவங்கள், தலைமுடியும் சட்டையும்தான் வேறு என்று பொருள். புத்தகம் படிக்கும் குழந்தைகளில் பலருக்கு இன்னும் எழுத்துக்கூட்ட வராது. யார் யார் என்பதை அவர்கள் படத்திலிருந்துதான் அறிந்துகொள்கிறார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு சிறுமியை வைத்துக் காட்டுகிறேன். கைப்பிரதியில் இருப்பது ஒரே வரி: ‘புதிய வகுப்பில் அவளுக்கு யாரையும் தெரியவில்லை.’ முதல் படத்தில் எல்லோரும் வரைவது தொங்கிய தலை, நீர் கோத்த பெரிய கண்கள், கீழே வளைந்த உதடு. இது சோகம் என்று எழுதி ஒட்டிய சீட்டு. இதில் எந்தக் குழந்தையும் இல்லை. இதை ஓரம் வைத்துவிட்டு அடுத்த தாளை எடுக்கிறோம். தோள்களைக் காதுவரை தூக்கிப் பார்க்கிறோம், கழுத்து மறைந்துவிடுகிறது. உடம்பின் எடையை ஒரு காலில் நிறுத்தி, மற்றக் காலின் விரல் நுனியால் கெண்டைக்காலைத் தேய்க்க வைக்கிறோம். இப்போது சோகமான முகம் தேவைப்படவில்லை. முகத்தில் எதுவுமே காட்டாமல், பக்கத்துக்கு வெளியே யாரையோ பார்ப்பதுபோல் விட்டுவிடலாம்.

அடுத்து கைகள். சட்டைக்கையை இழுத்து விரல்களை அதற்குள் மறைத்துக்கொள்கிறாள். அப்படி மறைக்க வேண்டுமென்றால் சட்டைக்கை நீளமாக இருக்க வேண்டும். ஏன் நீளம்? அவளுக்கு மூத்தவர் ஒருவர் போட்டுக் கழித்த சட்டையாக இருக்கலாம். கைப்பிரதியில் ஒரு சொல்கூட இல்லாத ஓர் அக்காவோ அண்ணனோ இப்படித்தான் கதைக்குள் வந்து சேர்கிறார்கள். வீட்டுக் காட்சியில் சுவரில் ஒரு புகைப்படம், வாசலில் இன்னொரு ஜோடி பெரிய செருப்பு என்று அவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. பிறகு பத்தாவது இரட்டைப் பக்கத்தில் (விரித்த புத்தகத்தில் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்களைத்தான் இப்படிச் சொல்வோம்), ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவள் முதன்முறையாகக் கையை உயர்த்துகிறாள். நீளமான சட்டைக்கை முழங்கைவரை சரிந்து விழுகிறது. அதுவரை புத்தகத்தில் எங்குமே தென்படாத அவளுடைய ஐந்து விரல்களும் தெரிகின்றன. கதாசிரியர் சட்டைக்கையைப் பற்றி எதுவும் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். ஒரு குழந்தை அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, ‘இப்போதுதான் கை தெரிகிறது’ என்று சொல்லும். அந்தக் கண்டுபிடிப்பு அந்தக் குழந்தைக்கே சொந்தம்.

இந்தச் சட்டைக்கை அட்டைப்படத்துக்கு அவசரப்பட்ட முதல் வாரத்தில் கிடைக்காது. பத்தாவது இரட்டைப் பக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்துச் சிறுமியைத் திரும்பத் திரும்ப வரைந்தவருக்குத்தான் கிடைக்கும். இதற்குத்தான் காலம் கேட்கிறேன்.

இனி, உங்கள் திருத்தக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு சொல்லைப் பற்றி: ‘இன்னும் கொஞ்சம் அழகாக.’ நடைமுறையில் இதற்குப் பொருள் தலையைப் பெரிதாக்கு, கண்களைப் பெரிதாக்கு, கன்னத்தை உருட்டு என்பதே. இது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்த விஷயம்தான். கொன்ராட் லோரென்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் 1943-இல் இதைப் பற்றி எழுதினார். பெரிய தலை, மேடான நெற்றி, முகத்தில் சற்றுத் தாழ்வாக அமைந்த பெரிய கண்கள், உருண்ட கன்னம், குட்டையான கைகால் என்று பச்சிளங்குழந்தைக்குரிய அடையாளங்களைக் கண்டதும் பெரியவர்கள் மனம் இளகி அரவணைக்கத் தூண்டப்படுகிறார்கள் என்பது அவர் கருத்து. கவனியுங்கள், மனம் இளகுவது பெரியவர்களுக்கு. புத்தகத்தை வாங்குவதும் பெரியவர்கள்தான் என்பதால் உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் ஏழு வயதுக் குழந்தை தன்னை அரவணைக்க வேண்டிய கைக்குழந்தையாக நினைப்பதில்லை.

உடம்பின் அளவுகள் வயதைச் சொல்லும். பிறந்த குழந்தையின் உயரம் ஏறக்குறைய 4 தலை அளவு. வளர்ந்தவர்களுக்கு அது ஏழு, ஏழரை. ஐந்தாறு வயதில் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நிற்கும். படக்கதையில் நாங்கள் இதை வேண்டுமென்றே மீறுவோம், மீறத்தான் வேண்டும். ஆனால் மீறும்போது கதைக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் மீறுவோம். கதாநாயகியின் தலையை மட்டும் பெரிதாக்கச் சொன்னால், ஏழு வயதுச் சிறுமி மூன்று வயதுக் குழந்தை ஆகிவிடுகிறாள். அவள் தனியாகத் தெருவைக் கடந்து தொலைந்த நாயைத் தேடிப் போகும் காட்சி, வீரச் செயலாகத் தோன்றாமல் பெற்றோரின் அலட்சியமாகத் தோன்றும். ஒரு சிறிய திருத்தம் கதையின் பொருளையே மாற்றிவிடுகிறது. குறிப்பு எழுதும்போது இது உங்கள் நினைவில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பளபளக்கும் பெரிய கண்கள் இல்லாவிட்டால் குழந்தைகளுக்குப் பிடிக்காது என்ற பயமும் ஆதாரம் இல்லாதது. நெதர்லாந்து ஓவியர் டிக் ப்ரூனா 1955-இல் உருவாக்கிய மிஃபி என்ற முயலின் முகத்தில் இருப்பவை இரண்டு புள்ளிகளும் ஒரு பெருக்கல் குறியும்தான். உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் முகம் வாசகரையே நேராகப் பார்க்கும். அந்த நேர்ப்பார்வை அந்தப் பாத்திரத்தின் இயல்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1963-இல் ப்ரூனா அந்த முயலை மறுபடி வரைந்தார். முதலில் தளர்வாக, துணிப் பொம்மைபோல் இருந்த உருவம் அப்போதுதான் இன்று உலகம் அறிந்த கச்சிதமான வடிவத்துக்கு நெருங்கி வந்தது. இரண்டு புள்ளியும் ஒரு குறியும் கொண்ட முகத்துக்கே எட்டு ஆண்டுகள் கழித்தும் வேலை மிச்சம் இருந்திருக்கிறது. எங்களிடம் எட்டு நாளில் முடித்துத் தரச் சொல்கிறீர்கள்.

விலங்குப் பாத்திரங்களுக்கு வருகிறேன். ‘குழந்தைக்குப் பதிலாக ஒரு கரடிக்குட்டியை வைத்துவிடலாமே, எல்லோருக்கும் பொருந்தும்’ என்று எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்! விலங்கை வரைவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மனிதர்களை வரைவதில் உள்ள சிக்கலிலிருந்து தப்பிக்கும் வழியாக அதை எடுப்பது, விலங்குக்கும் நியாயம் இல்லை, குழந்தைக்கும் நியாயம் இல்லை. ‘பீட்டர் ராபிட்’ என்ற முயலின் கதையை எழுதி வரைந்த ஆங்கிலேயர் பியாட்ரிக்ஸ் பாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1893-இல் நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்கு அவர் எழுதிய படக்கடிதம் ஒன்றில் பிறந்தது அந்த முயல். 1902-இல்தான் பதிப்பகத்தின் வழியாகப் புத்தகமானது. அவர் வீட்டில் முயல் வளர்த்தவர். அது படுப்பது, காதைத் திருப்புவது, எலும்பு அமைப்பு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர். நீலச் சட்டை அணிந்திருக்கும்வரை அந்த முயல் சிறுவனைப்போல் இரண்டு காலில் நிற்கிறது. தோட்டக்காரர் துரத்தும்போது செருப்பு போகிறது, நான்கு காலில் ஓடத் தொடங்குகிறது. சட்டையும் போகிறது, அசல் முயலாகிறது. சட்டை அங்கே அலங்காரத்துக்காக இல்லை. சிறுவனுக்கும் முயலுக்கும் நடுவே இருக்கும் கோடு அதுதான். சட்டைக்குள் இருக்கும் உடம்பு முயலின் உடம்பாகவே வரையப்பட்டதால்தான் அந்த மாற்றம் நம்பும்படி இருக்கிறது. மனித உடம்பின் மேல் கரடித் தலையை ஒட்டி வைக்கும் வேலையில் இது ஒருநாளும் கைகூடாது.

இந்தத் தப்பித்தலுக்கு இன்னொரு விலையும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 2018-இல் வெளியான புத்தகங்களில் முதன்மைப் பாத்திரம் யார் என்று கணக்கெடுத்தது. பாதிப் புத்தகங்களில் வெள்ளையினக் குழந்தைகள். 27 விழுக்காட்டில் விலங்குகளும் பிற பொருள்களும். மற்ற எல்லா இனக் குழந்தைகளையும் ஒன்றாகக் கூட்டினால்கூட 23 விழுக்காடுதான். அந்த நாட்டில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1965-இல், நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 63 பதிப்பகங்கள் மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட 5,206 சிறுவர் புத்தகங்களை ஆராய்ந்து, ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே என்று எழுதியிருந்தார். சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் புத்தகங்களைக் கண்ணாடி என்றும் ஜன்னல் என்றும் சொன்னபோது, தன்னை ஒருபோதும் புத்தகத்தில் காணாத குழந்தையைப் பற்றித்தான் பேசினார். பெரும்பான்மை, சிறுபான்மை என்ற பிரிவுகள் இல்லாத சமூகம் எங்கும் இல்லை. ஆகவே இந்தக் கேள்வியும் எங்கும் உண்டு. உங்கள் பட்டியலில் உள்ள குழந்தைகளின் முகங்களை ஒரு மேசைமேல் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள்.

அமெரிக்க ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் அப்படிப் பார்த்தவர். 1940-இல் ஒரு பத்திரிகையில் வெளியான கறுப்பினச் சிறுவன் ஒருவனின் புகைப்படங்களை அவர் வெட்டி வைத்துக்கொண்டார். அந்த முகத்தில் ஓடிய உணர்ச்சிகளுக்காகவே அதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்தார். அதுவரை அவர் படம் வரைந்த பிறருடைய கதைகளில் அப்படி ஒரு குழந்தை கதாநாயகனாக வரவே இல்லை. கடைசியில் 1962-இல் அவரே ‘தி ஸ்னோயி டே’ என்ற கதையை எழுதி, அந்தச் சிறுவனுக்குச் சிவப்பு நிறப் பனியுடை அணிவித்துப் பனியில் நடக்க விட்டார். அவன் அங்கே செய்வது எந்தக் குழந்தையும் செய்யும் விளையாட்டு. எந்தப் பாடமும் எடுப்பதற்காக அவன் அங்கே இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் புத்தகத்துக்கு, அமெரிக்காவில் சிறந்த சிறுவர் படப்புத்தகத்துக்கு வழங்கும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது.

சேர்ப்பது என்றால் எப்படிச் சேர்ப்பது என்பதிலும் பாத்திர வடிவமைப்புதான் முன்னால் நிற்கிறது. ஒரே முகத்தை வரைந்துவிட்டு நான்கு விதமான தோல் நிறம் பூசினால் நான்கு குழந்தைகள் ஆகிவிடாது. சக்கர நாற்காலிக் குழந்தை வேண்டும் என்கிறீர்கள். அவசரத்தில் வரையப்படுவது மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் நாற்காலி: அகன்ற இருக்கை, உயரமான முதுகு, கனத்த கைப்பிடி. அதில் உட்கார வைத்தால் எந்தக் குழந்தையும் யாராவது தள்ளுவதற்காகக் காத்திருக்கும் குழந்தையாகத்தான் தெரியும். நாள்தோறும் தானே ஓட்டிச் செல்லும் குழந்தையின் நாற்காலி வேறு. அவளுடைய இடுப்பு அளவுக்கே செய்யப்பட்டிருக்கும். முதுகுப் பகுதி தாழ்வாக இருக்கும். சக்கரங்களின் மேற்பகுதி உட்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்த நாற்காலியில் அவள் முன்னால் குனிந்து, இரண்டு கைகளாலும் சக்கர வளையத்தை உந்தும்போது தோளில் வரும் திரட்சியைப் பார்த்து வரைய வேண்டும். காதுக் கருவி என்றால், காதுக்குப் பின்னால் உட்காரும் வகையா, உள்செவியில் பொருத்திய கருவிக்காகத் தலையோடு ஒட்டி நிற்கும் வட்டத் தட்டு உள்ள வகையா என்று தெரிய வேண்டும். அதை அணிந்திருக்கும் குழந்தை ஒரே நொடியில் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ள அந்தக் குழந்தைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேச வேண்டும், உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் நாட்களும் பாத்திர வடிவமைப்பின் நாட்கள்தாம்.

ஒரு பாத்திரம் முடிவானதும் அதற்கு மாதிரித் தாள் தயாராகும். முன்புறம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்புறம் என நான்கு கோணங்கள். சிரிப்பு, கோபம், சலிப்பு, தூக்கம், பொய் சொல்லும்போது என்று முகபாவங்கள். எல்லாப் பாத்திரங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, யார் தலை யார் தோளுக்கு வரும் என்று ஓர் உயர அளவு. இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் கணக்கைப் பாருங்கள். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கத் தொகுதி (ஃபாரம்) இரண்டு சேர்ந்தால் 32 பக்கம்; தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போக 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் கதைக்கு மிஞ்சும். அதற்குள் அதே சிறுமி ஓடுகிறாள், குனிகிறாள், முதுகு காட்டி நிற்கிறாள், தூரத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துப் போகிறாள். எல்லாவற்றிலும் அவள் அவளாகவே இருக்க வேண்டும்.

இதில் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு சிறிய விஷயம் உண்டு. இடமிருந்து வலமாகப் படிக்கும் மொழிகளில், பயணம் போகும் பாத்திரத்தைப் பெரும்பாலும் வலது பக்கம் நோக்கி நடக்க வைப்போம். பக்கம் புரளும் திசை அது. வீடு திரும்புகிறவரை இடப்பக்கம் திருப்புவோம். கடைசி நேரத்தில் ‘அவள் இந்தப் பக்கம் பார்க்கட்டும்’ என்று குறிப்பு வரும். மென்பொருளில் ஒரு சொடுக்கில் படத்தைத் திருப்பிவிடலாம், உண்மைதான். திருப்பியதும் இடப்பக்கம் எடுத்த வகிடு வலப்பக்கம் போய்விடும். முழங்காலில் ஒட்டிய பிளாஸ்திரி கால் மாறிவிடும். சட்டைப் பை இடம் மாறிவிடும். பெரியவர் எவரும் கவனிக்க மாட்டார்கள். குழந்தைகள் கவனிப்பார்கள். ஒரே புத்தகத்தை விடாமல் திரும்பத் திரும்பப் படிப்பவர்கள் அவர்கள்தான். பிளாஸ்திரி எப்படிக் கால் மாறியது என்று கேட்டால் வீட்டில் உள்ளவரிடம் பதில் இருக்காது.

பாத்திரம் விஷயத்தில் பதிப்பாசிரியர் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் 1963-இல் வெளியான தம் புகழ்பெற்ற ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்துக்கு முதலில் திட்டமிட்டது காட்டுக்குதிரைகளை. குதிரை தமக்குச் சரியாக வரைய வரவில்லை என்பது அவருக்கே தெரியவந்தது. அவருடைய பதிப்பாசிரியர் அர்சுலா நார்ட்ஸ்ட்ரம், குதிரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. வேறு ஓவியரையும் தேடவில்லை. உங்களால் எதை வரைய முடியும் என்ற திசையில் பேச்சைத் திருப்பினார். குதிரைகள் போய், கொம்பும் நகமும் மஞ்சள் கண்ணும் உள்ள பூதங்கள் வந்தன. சிறுவயதில் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய உறவினர்களின் முகங்களிலிருந்து அவற்றை எடுத்ததாகச் செண்டாக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவை ‘அழகாக’ இல்லை. அப்போதும் அந்தப் புத்தகம் குழந்தைகளைப் பயமுறுத்தும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பதிப்பாசிரியர் ஓவியரின் பக்கம் நின்றார். அப்படி நிற்கும் பதிப்பாசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களைக் குறை சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல. அவர்கள் தம் அலுவலகத்தில் வாதாடும்போது கையில் வைத்துக்கொள்ளட்டும் என்றும்தான் எழுதுகிறேன்.

எதிர்மாறான அனுபவமும் உண்டு. ஒரு புத்தகத்தில் எல்லா இரட்டைப் பக்கங்களுக்கும் வண்ணம் முடிந்து, எழுத்தும் கோத்து முடிந்த நிலையில், விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு வரி வந்தது: கண்கள் பெரிதாக இருந்தால் அட்டை எடுபடும். அந்தக் குட்டிக் கண்கள் வெயிலில் இடுக்கிப் பார்த்தே பழகிய சிறுவனின் கண்கள். கதையில் அவன் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பவன். உள்ளே மாற்ற நேரம் இல்லை என்பதால் அட்டையில் மட்டும் பெரிதாக்கச் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் எங்கும் அதைத் தடுக்கும் வரி இல்லை. அட்டையில் ஒருவன், உள்ளே ஒருவன் என்று அந்தப் புத்தகம் வெளிவந்தது. புத்தக வாசிப்பு ஒன்றில் ஒரு சிறுமி அட்டையைக் காட்டி, ‘இவன் எப்போது வருவான்?’ என்று என்னிடம் கேட்டாள்.

கட்டளை எழுதினால் நொடியில் படம் கொடுக்கும் மென்பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் எடுத்த முகத்தை ‘இதைப்போல் வேண்டும்’ என்று கைப்பிரதியோடு இணைத்து அனுப்பும் வழக்கம் தொடங்கியிருக்கிறது. தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்களுக்கு வேண்டியதைச் சொற்களில் எழுதுங்கள். அந்தப் படம் பார்க்க முழுமையாக இருப்பதுதான் ஆபத்து. உங்கள் பத்தாவது இரட்டைப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த முகத்தில் கதைக்கான எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. ஆனால் ஒருமுறை அதைப் பார்த்துவிட்ட அலுவலகம், பிறகு ஓவியர் தரும் ஒவ்வொரு கரட்டுக் கோட்டையும் அதோடுதான் ஒப்பிடும்.

இனி நடைமுறை. பணியை மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதுங்கள்: பாத்திரங்கள், டம்மி (கரட்டுப் படங்களோடு பக்கம் பக்கமாகக் கோத்த மாதிரிப் புத்தகம்), இறுதிப் படங்கள். பாத்திரக் கட்டத்துக்குத் தனி ஊதியம். அது முடிந்ததும் ஏதோ காரணத்தால் புத்தகம் நின்றுபோனாலும் அந்தத் தொகை ஓவியருக்குச் சேர வேண்டும். மாதிரித் தாளைக் கதாசிரியர், விற்பனைப் பிரிவு உட்பட எல்லோரும் அப்போதே பார்த்து ஒப்புதல் தரட்டும். அதன்பின் பாத்திரத்தில் செய்யச் சொல்லும் மாற்றத்துக்குக் கூடுதல் நாட்களும் கூடுதல் பணமும் என்று எழுதிவிடுங்கள். மாதிரித் தாள் ஒப்புதல் ஆகும்வரை அட்டைப்படம் கேட்காதீர்கள். பட்டியலுக்கு அவசரம் என்றால் தலைப்பை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தைப் பொம்மையாகவோ அசைவூட்டப் படமாகவோ தொடர்ச்சிப் புத்தகமாகவோ ஆக்கும் உரிமை, படங்களை அச்சிடும் உரிமையோடு சேர்ந்து தானாக உங்களிடம் வந்துவிடக் கூடாது. அது தனியாகப் பேச வேண்டியது.

திருத்தக் குறிப்பு எழுதும்போது, என்ன வரைய வேண்டும் என்பதற்கு முன்னால் எது புரியவில்லை என்று எழுதுங்கள். ‘புருவத்தை உயர்த்துங்கள்’ என்ற குறிப்பால் புருவம் மட்டுமே உயரும். ‘இந்தப் பக்கத்தில் அவளுக்குப் பயமா, வியப்பா என்று எனக்குப் புரியவில்லை’ என்று எழுதினால், நாங்கள் தோளையும் காலையும் அவளுக்கும் கதவுக்கும் இடையே உள்ள தூரத்தையும் சேர்த்து யோசிப்போம். கதாசிரியர்களிடமும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொடுங்கள்: கண்ணின் நிறம், முடியின் நீளம் வேண்டாம், அந்தக் குழந்தைக்கு எதில் வெட்கம், யாரிடம் சண்டை, தனியாக இருக்கும்போது என்ன செய்யும் என்று அரைப் பக்கம் எழுதித் தரட்டும். கதையில் வராததாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒப்பந்த வரைவில் இந்தப் பிரிவைச் சேர்க்க முன்வரும் பதிப்பகம் பெரியதோ சிறியதோ, உங்களோடு உட்கார்ந்து அதை எழுதித் தர நானும் என்னோடு வேலை செய்யும் ஓவியர்களும் தயாராக இருக்கிறோம். அடுத்த பருவத்துப் பட்டியலுக்கான கைப்பிரதிகளை ஓவியர்களுக்கு அனுப்புவதற்கு முன்பே அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
படக்கதை ஓவியர் ஒருவர்